நெடுவான் வழியும் இடைத்தங்கல்களும்

காலி நகரிலிருந்து மாத்தறை நோக்கிச் செல்லும் பாதையிலே கொக்கல என்னும் ஊர் இருக்கிறது. பாதையின் ஒருபுறம் கடல். மறுபுறம் அமைதியான ஓர் ஏரி. 1943 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொட்டு ஏறக்குறைய ஈராண்டுக் காலம், இந்த ஏரியின் நீர்ப்பரப்பிலே அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து புறப்பட்ட விமானங்கள் வந்து இறங்கின. இடையில் ஓரிடத்திலும் தங்காது இந்து சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து வந்த அவ்விமானங்கள், 27 மணி நேரம் முதல் 33 மணி நேரம் வரை தொடர்ந்து பறந்தன. பழைய ஆகாயக் கப்பல்களை நீக்கிப் பார்த்தால், நேரக் கணக்கில் இதனினும் நீண்ட, இடைநில்லாத பிரயாணிகள் சேவையொன்று உலகில் ஒழுங்காக நடந்ததில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைப் பிரயாணிகள் கண்டனராதலின், ‘இரட்டை உதயம்’ என்பது அச்சேவைக்குப் பெயராயிற்று.

இன்று நெடுந்தூரம் செல்வோர், எந்தக் கம்பனியின் வர்த்தக வகுப்பு நல்லது, எந்த ஆசனம் முழுமையாகப் படுக்கையாக விரியும், எந்த உணவு சுவையானது என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அது தவறன்று. ஆயினும் நெடுவான் பயணத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும். பயணத்தின் சுகதுக்கத்தை ஆசனம் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. எங்கே இறங்கி, எவ்வளவு நேரம் காத்திருந்து, எதில் மாறி ஏறுகிறோம் என்பதே பெரும்பாலும் அதை நிர்ணயிக்கின்றது. அந்த இடைத்தங்கல்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு வீழ்ந்தன என்பது பிரயாணிகளுக்கும் பயன்தரும் கதை. இலங்கை போன்ற, கடல்வழியின் நடுவே அமைந்த நாட்டுக்கும் பயன்தரும் கதை.

முதலில் வழியின் தொடக்கத்தைக் காண்போம். 1935 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குமிடையே பிரயாணிகளுக்கான விமானச் சேவை ஆரம்பமாயிற்று. பிரித்தானியாவின் இம்பீரியல் எயர்வேஸ் கம்பனியும், அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பனியும் இணைந்து அதனை நடத்தின. பயணத்துக்குப் பன்னிரண்டரை நாட்கள் பிடித்தன. ஐரோப்பாவில் ஒரு பகுதியைப் புகையிரதத்திலே கடக்க வேண்டியிருந்தது. வழியெங்கும் விமானம் மாறி விமானம் ஏறவேண்டும். அக்கால யந்திரங்கள் சில நூறு மைல்களுக்கு ஒருமுறை எரிபொருள் வேண்டி நின்றன. இரவுப் பறப்பு அரிதாயிருந்தமையால், பொழுது சாயும் இடத்தில் விடுதி ஒன்றும் தேவைப்பட்டது. ஆகவே வழி என்பது வானத்தில் இருந்தது போலத் தோன்றினாலும், உண்மையில் அது தரையிலே கோக்கப்பட்ட விடுதிகளின் மாலையாகவே இருந்தது.

அந்த மாலையிற் கோக்கப்பட்ட மணிகளுள் ஒன்று பாரசீக வளைகுடாக் கரையில் உள்ள சார்ஜா. 1932 ஆம் ஆண்டில் அவ்வூர் ஆட்சியாளரோடு உடன்படிக்கை செய்து, இம்பீரியல் எயர்வேஸ் அங்கே இறங்குதளம் பெற்றது. பிரயாணிகள் இரவு தங்குவதற்கென மதிலுடன் கூடிய கோட்டை போன்ற ஒரு விடுதியும் எழுந்தது. சுற்றிலும் மணல், மணலுக்கு அப்பால் முத்துக் குளிப்போரின் சிற்றூர்கள். அந்த மணல்வெளியிலே பிற்காலத்தில் உலகத்தின் வான்வழிகள் வந்து கூடும் என்று அன்று எவரும் எண்ணியிரார். சார்ஜாவின் பழைய ஓடுபாதை இன்று நகரத்தின் நடுவே ஒரு வீதியாகக் கிடக்கின்றது. கோட்டை விடுதி நூதனசாலையாக மாறிவிட்டது.

1938 ஆம் ஆண்டிலே ‘பறக்கும் படகு’ எனப்பட்ட பெரிய கடல்விமானங்கள் சிட்னிக்கும் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்துக்குமிடையே ஓடத் தொடங்கின. சிங்கப்பூர், பாங்கொக், கல்கத்தா, கராச்சி, பாஸ்ரா, அலெக்சாந்திரியா, ஏதென்ஸ் என ஆறுகளிலும் குளங்களிலும் கடற்குடாக்களிலும் இறங்கி இறங்கி அவை சென்றன. பயணம் ஒன்பது பத்து நாட்கள். ஒரு விமானத்திற் சென்றோர் பதினைந்து பேரளவினரே. எழுந்து நடப்பதற்கும், சாளரத்தின் அருகே நின்று கீழே ஓடும் நிலத்தைப் பார்ப்பதற்கும் அதில் இடம் விடப்பட்டிருந்தது. அன்று வகுப்புப் பிரிவினை இல்லை. செல்வரும் உயர் அதிகாரிகளுமே விமானத்தில் ஏறினராதலால் பிரிவினைக்குத் தேவையும் எழவில்லை. பகலில் ஆசனம், இரவில் தரையிலே விடுதிக் கட்டில் என்பதே அக்கால ஒழுங்கு.

இந்த ஒழுங்கைப் போர் குலைத்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மாலையின் நடுவே ஒரு மணி அறுந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்தொடர்பு முழுவதுமே அறுந்து போயிற்று. இடைநிலையம் ஒன்றை இழந்தால் வழியே இல்லாமற் போகும் என்ற பாடத்தை உலகம் அப்போதுதான் நன்கு கற்றது.

அறுந்த வழியைத் திரும்பக் கட்டுவதற்குக் கிடைத்த இடமே கொக்கல. பேர்த்திலிருந்து கொக்கலவுக்கு ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமந்தால் வேறெதையும் சுமக்க இயலாது. கட்டலீனா என்னும் வகையைச் சேர்ந்த ஐந்து கடல்விமானங்களிலே தேவையற்ற பாரமெல்லாம் கழற்றப்பட்டது. பிரயாணிகள் மூவருக்கு மாத்திரமே இடம். அவர்களோடு சிறிது தபாற் சுமை. எதிரியின் செவிக்கு எட்டாதிருக்க வானொலித் தொடர்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்தது. இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தனர். அவ்விமானங்களுக்கும் அல்தேர், வேகா, றைஜல், அன்ராறெஸ், ஸ்பைக்கா என நட்சத்திரங்களின் பெயர்களே இடப்பட்டிருந்தமை பொருத்தமானதே. எதிரி நடமாடும் பகுதியை இருளிற் கடக்குமாறு நேரம் குறித்துப் புறப்பட்டனர். கொக்கல வந்தடைந்தோர் கராச்சி வழியாக இலண்டனை நோக்கிச் சென்றனர்.

271 முறை அக்கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை. கடந்து சென்ற ஒவ்வொருவருக்கும் ‘இரட்டை உதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. குளிர், இரைச்சல், முப்பது மணி நேரம் முடங்கியிருக்கும் இடர் ஆகிய யாவற்றுக்கும் அந்தத் தாள்தான் பரிசு. போர் முடிந்தபின், அமெரிக்காவோடு செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி அவ்விமானங்கள் கடலிலே அமிழ்த்தப்பட்டன. கொக்கல ஏரி பழைய அமைதிக்குத் திரும்பியது. தேவை பிறப்பித்த நிலையம், தேவை நீங்கியதும் மறைந்தது.

1947 டிசம்பர் முதலாம் நாள் குவாண்டாஸ் கம்பனியின் கொன்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய இடங்களில் இறங்கி நான்கு நாட்களில் அது இலண்டனை அடைந்தது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் பிரயாணிகள் இரவு தங்கினர். பன்னிரண்டரை நாட் பயணம் பன்னிரண்டே ஆண்டுகளில் நான்கு நாளாகச் சுருங்கியது. தங்கல்கள் பல உதிர்ந்து போயின. எஞ்சியவை பெருமை பெற்றன.

ஆனால் யந்திரத்தின் பலவீனத்தினால் உண்டான பெருமை, யந்திரம் பலம் பெற்றதும் நிலைக்குமா? இக்கேள்விக்கு அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளும் இருவேறு விடைகளைத் தந்தன.

மேற்குக் கரையில், நியூபவுண்ட்லாந்துத் தீவிலே, 1938 இல் திறக்கப்பட்ட காண்டர் விமான நிலையம் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமிடையே பறந்த விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கின. அந்தப் பெருமைக்கேற்ப 1959 இல் அழகிய புதிய மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே தாரை விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கிவிட்டன. காலப்போக்கில், காண்டரில் இறங்கவேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லாமற் போயிற்று. மண்டபம் எழுந்தது, பிரயாணிகள் தலைக்கு மேலாகச் சென்றனர். பின்னர் 2001 செப்டெம்பர் 11 ஆம் நாள் அமெரிக்க வான்பரப்பு மூடப்பட்டபோது, 38 பெரிய விமானங்கள் அங்கே இறக்கப்பட்டன. ஏறக்குறைய பதினாயிரம் பேர் வாழும் அவ்வூர், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அந்நியரைப் பல நாட்கள் உணவும் உறையுளும் தந்து பேணியது. பழைய இடைத்தங்கல் தன் பணியை மறக்கவில்லை என்பதற்கு அது சாட்சியாகும்.

கிழக்குக் கரையில் அயர்லாந்தின் ஷனன் விமான நிலையம் இருந்தது. காண்டருக்கு நேர்ந்ததே ஷனனுக்கும் நேர்வதாக இருந்தது. ஆனால் அங்குள்ளோர் முன்னரே சிந்தித்தனர். எரிபொருளுக்காக இறங்கிய பிரயாணி, காத்திருக்கும் நேரத்தில் எதைச் செய்வான் என்று ஆராய்ந்தனர். 1947 இல் பிரண்டன் ஓ’றீகன் என்பவரின் முயற்சியால், சுங்கவரி இல்லாத கடை உலகிலேயே முதன்முதலாக அங்கே தோன்றியது. 1959 இல் விமான நிலையத்தை ஒட்டிச் சுதந்திர வர்த்தக வலயம் ஒன்று அமைக்கப்பட்டது. அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்கள் ஷனனில் இறங்கியே செல்லவேண்டும் என்ற அரசாங்க விதியும் நெடுங்காலம் இருந்தது. 2008 அளவில் அது முற்றாக நீங்கியது. விதி காத்தது சில காலம். புத்தி காத்தது பல காலம் எனலாம்.

தங்கல்களின் கதையோடு வகுப்புகளின் கதையும் பின்னிக் கிடக்கின்றது. 1952 இல் அத்திலாந்திக் வழியிலே ‘உல்லாசப் பிரயாண வகுப்பு’ என்ற மலிவான வகுப்பு அறிமுகமாயிற்று. 1958 இல் ‘சிக்கன வகுப்பு’ வந்தது. 1970 ஜனவரியில் போயிங் 747 என்னும் பேருடல் விமானம் சேவைக்கு வந்தபோது, நூற்றுக்கணக்கான ஆசனங்களை நிரப்பவேண்டிய கடமை கம்பனிகளுக்கு உண்டாயிற்று. ஆகவே பலவகைச் சலுகைக் கட்டணங்கள் பெருகின. இதனால் ஒரு விசித்திரமான நிலைமை ஏற்பட்டது. கடைசி நேரத்தில் முழுக் கட்டணம் கொடுத்து வந்த வர்த்தகரும், மாதங்களுக்கு முன்னரே பாதிக் கட்டணத்தில் சீட்டுப் பெற்ற உல்லாசப் பிரயாணியும் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களில் அமர்ந்து ஒரே உணவை உண்டனர். முழுக் கட்டணம் கொடுத்தவர் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பிலே பிறந்ததுதான் வர்த்தக வகுப்பு. 1978 இல் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் கம்பனி முழுக் கட்டணக்காரருக்குத் தனிப் பகுதி வகுத்தது. 1979 இல் குவாண்டாஸ் வர்த்தக வகுப்பைத் தொடங்கியது.

தொடக்கத்தில் அது சற்று அகலமான ஆசனமும், சற்று அமைதியான அறையும், நல்ல பானமும் மாத்திரமே. 2000 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் எயர்வேஸ் தன் வர்த்தக வகுப்பிலே முழுதும் சமதளமாக விரியும் படுக்கையை அமைத்தபோது புதியதோர் ஊழி பிறந்தது. 2017 இல் கட்டார் எயர்வேஸ் கதவுடைய சிற்றறைகளையும், இருவர் சேர்ந்து படுக்கக்கூடிய அமைப்பையும் அதே வகுப்பில் தந்தது. 1947 இல் கட்டிலைத் தேடிப் பிரயாணி சிங்கப்பூரில் இறங்கினான். எழுபது ஆண்டுகளின் பின் கட்டில் அவனைத் தேடி விமானத்துக்குள் வந்துவிட்டது.

கட்டில் விமானத்துக்குள் வந்தபின், யந்திரமும் நெடுந்தூரம் பறக்க வல்லதானபின், இடைத்தங்கல் அழிந்திருக்கவேண்டும் அல்லவா? நிகழ்ந்தது அதற்கு மாறானது. முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு இடைநிலையங்கள் வளர்ந்தன. காரணம் எளிய கணக்கு ஒன்றாகும். மேற்கே முப்பது நகரங்களும் கிழக்கே முப்பது நகரங்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் மற்றப் பக்கத்து நகரம் ஒவ்வொன்றுக்கும் நேர்வழி அமைப்பதாயின் 900 வழிகள் வேண்டும். அவற்றிற் பெரும்பாலானவற்றுக்குப் போதிய பிரயாணிகள் கிடையார். நடுவே ஒரு சந்தியை வைத்து எல்லாரையும் அங்கே கொண்டுவந்து மாற்றிவிட்டால் 60 வழிகளே போதும். மேற்கிலிருந்து வரும் விமானங்கள் ஓரிரு மணி நேரத்துள் அலையாக வந்து இறங்கும்; பிரயாணிகள் மாறுவர்; கிழக்கு நோக்கிய விமானங்கள் அடுத்த அலையாக எழும். வண்டிச் சக்கரத்தின் குடம் போன்றது அச்சந்தி. குடம் ஒன்றேயாயினும் ஆரக்கால்கள் யாவும் அதையே பற்றி நிற்கின்றன.

இக்கணக்கை நன்கு உணர்ந்தவை சிங்கப்பூரும் டுபாயும் ஆகும். சிங்கப்பூர் 1981 இல் சாங்கி விமான நிலையத்தைத் திறந்தது. நகர் நடுவே இடம் நெருக்கடியாயிருந்த பழைய நிலையத்தைப் பெருப்பிப்பதா, கடலோரத்தில் நிலம் நிரவிப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தபோது, பின்னையதையே அது தேர்ந்தது. டுபாயின் கதை இன்னும் வியப்பானது. சார்ஜாவின் கோட்டை விடுதிக்கு அண்மையிலுள்ள அவ்வூரில், 1960 இல் இறுக்கப்பட்ட மணலே ஓடுபாதையாக ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டது. 1983 இல் அங்கே சுங்கவரியற்ற கடை தொடங்கவேண்டியிருந்தபோது, அதற்கான நிபுணர்களை டுபாய் எங்கிருந்து அழைத்தது? அயர்லாந்தின் ஷனனிலிருந்தே அவ்வனுபவம் வந்தது. ஒரு பழைய தங்கலின் அறிவு புதிய தங்கலுக்கு வித்தாயிற்று. 1985 அக்டோபரில் பாகிஸ்தான் விமானக் கம்பனியிடம் வாடகைக்குப் பெற்ற விமானங்களோடு எமிரேட்ஸ் கம்பனி கராச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. 2014 இல் சர்வதேசப் பிரயாணிகளின் தொகையில் டுபாய், இலண்டன் ஹீத்ரோவையே முந்திவிட்டது.

ஆயினும் சந்தி எவ்வளவு சிறந்ததாயினும் அதன் வாழ்வு வானத்தின் அமைதியில் தங்கியிருக்கிறது. பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி இதற்குத் தக்க உதாரணம். சோவியத் வான்பரப்பு மூடியிருந்த 1983 இல், பின்னெயர் கம்பனி வடதுருவத்துக்கு மேலாகச் சுற்றி, ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு இடைநில்லாது பறந்தது. பின்னர் அவ்வான்பரப்பு திறந்தது. பயணம் ஒன்பதரை மணி நேரமளவாகக் குறைந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குக் குறுகிய பாதை ஹெல்சிங்கி வழியே என்பது அக்கம்பனியின் முதலாயிற்று. 2022 இல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய வான்பரப்பு மீண்டும் மூடப்பட்டது. பின்னெயர் திரும்பவும் வடதுருவத்துக்கே சென்றது. பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. துருவத்தைக் கடந்த பிரயாணிகளுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். இரட்டை உதயத்தின் நினைவு நேயர்களுக்கு இங்கே எழுதல் இயல்பே. வளைகுடாவும் இந்த அபாயத்துக்கு விலக்கன்று. 2025 ஜூன் 23 ஆம் நாள் கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியபோது, டோகாவை நோக்கி வந்த விமானங்கள் வேறு வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. கதவுடைய அறையில் மெத்தைமேற் கிடந்தவரும், பின்பகுதியில் முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தவரும் அன்று ஒரே நிலையை அடைந்தனர்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு, ஆசனத்தையும் இணைப்பையும் ஒப்பிடும் கேள்விக்கு வருவோம். இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தழுவி நிற்கின்றன என்பதை மூன்று உதாரணங்கள் காட்டும்.

முதலாவது, இலண்டன் நகரின் உள்ளே அமைந்த சிறிய விமான நிலையத்திலிருந்து நியூயோர்க்குக்கு 2009 முதல் 2020 வரை பிரிட்டிஷ் எயர்வேஸ் நடத்திய சேவை. விமானம் சிறியது, 32 வர்த்தக வகுப்பு ஆசனங்கள் மாத்திரமே உண்டு. ஓடுபாதை குறுகியதாதலால் நிறைந்த எரிபொருளோடு எழ முடியாது. ஆகவே மேற்கு நோக்கிச் செல்கையில் ஷனனில் இறங்கியது. அது குறைபாடன்றோ எனலாம். ஆனால் எரிபொருள் நிரப்பும் நேரத்திலேயே பிரயாணிகள் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை ஷனனில் முடித்துக்கொண்டனர். நியூயோர்க்கில் நெடுவரிசையில் நில்லாது நேரே வெளியேறினர். நன்கு அமைந்த தங்கல் நேரத்தைத் தின்பதில்லை. சில வேளை நேரத்தை ஈட்டியும் தரும்.

இரண்டாவது, சிங்கப்பூருக்கும் நியூயோர்க் பகுதிக்குமிடையே சிங்கப்பூர் எயர்லைன்ஸ் 2004 இல் தொடங்கிய இடைநில்லாச் சேவை. தூரம் 15,000 கிலோமீற்றருக்கு மேல். 2008 இல் அவ்விமானங்கள் 100 வர்த்தக வகுப்பு ஆசனங்கள் மாத்திரம் கொண்டவையாக மாற்றப்பட்டன. நான்கு இயந்திரங்கள் தின்ற எரிபொருளின் செலவைத் தாங்கமாட்டாது 2013 இல் சேவை நின்றது. சிக்கனமான இரட்டை இயந்திர விமானம் கிடைத்தபின் 2018 இல் மீண்டும் தொடங்கியது. அப்போதும் சிக்கன வகுப்பு அதில் வைக்கப்படவில்லை. தங்கல் இல்லாத பயணம் என்பது விலைகொடுத்து வாங்கும் பொருளாயிற்று. கட்டணம் குறைந்தவர்க்கே தங்கல் என்ற புதுப்பிரிவு இங்கே தோன்றுகிறது. பறக்கும் படகுக் காலத்தில் செல்வரும் தங்கியே சென்றனர் என்பதை எண்ணும்போது, காலத்தின் மாற்றம் விளங்கும்.

மூன்றாவது, 2018 மார்ச் மாதத்தில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாது தொடங்கிய சேவை. 14,498 கிலோமீற்றர்; ஏறக்குறைய 17 மணி நேரம். கட்டலீனா விமானம் கொக்கலவை அடையச் செலவிட்ட நேரத்தின் பாதியளவில் அது இலண்டனையே அடைந்துவிடுகின்றது.

ஆகவே ஆசனத்தை மாத்திரம் ஒப்பிடுவோர் பாதிக் கணக்கையே பார்க்கின்றனர். மறுபாதி இணைப்பிலே இருக்கிறது. இடைநிலையத்தில் இறங்கும் நேரம் நள்ளிரவா, பகலா? டுபாயிலும் டோகாவிலும் பெரிய அலைகள் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டியும் அதன் பின்னருமே எழுகின்றன. நல்ல தூக்கத்தின் நடுவே எழுப்பப்படுவோனுக்கு விரிந்த படுக்கையால் என்ன பயன்? ஒவ்வொரு நிலையமும் இணைப்புக்குக் குறைந்தபட்ச நேரம் ஒன்றை வகுத்துள்ளது; ஆனால் அது தாமதமின்றி விமானம் வந்தால், விரைந்து நடக்கக்கூடியவர்க்குப் போதுமான நேரமேயன்றி, யாவர்க்கும் போதுமானதன்று. இரு விமானங்களும் ஒரே சீட்டில் பதிவாகியுள்ளனவா? அவ்வாறாயின் முதல் விமானம் பிந்தினாலும் பிரயாணியை உரிய இடம் சேர்க்கும் பொறுப்பு கம்பனியினுடையது. பயணப் பைகளும் இறுதி இடம்வரை செல்லும். தனித்தனிச் சீட்டாயின் பொறுப்பு பிரயாணியின் தலைமேல் விழும். தவறவிட்ட விமானத்துக்கு அடுத்தது எப்போது? நாள்தோறும் பல சேவைகள் உள்ள வழியில் தவறவிட்டவர் சில மணி நேரம் இழப்பார்; வாரத்திற் சில நாளே சேவையுள்ள வழியில் தவறவிட்டவர் நாட்களை இழப்பார்.

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கடல் கடந்து வாழும் பிள்ளைகளைக் காணத் தொரொன்ரோவுக்குச் செல்லும் முதிய தாயொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கடந்த நாற்பது ஆண்டுகளில் அவ்வாறு சென்ற பெற்றோர் மிகப் பலர். பிள்ளைகள் அன்போடு பணம் சேர்த்து, அம்மாவுக்கு நல்ல ஆசனமாக இருக்கட்டும் என்று வர்த்தக வகுப்பில் இடம் பெறுவதுண்டு. ஆனால் அந்நிய மொழி ஒலிபெருக்கியில் ஒலிக்க, ஒரு மண்டபத்திலிருந்து மற்றொரு மண்டபத்துக்குப் புகையிரதத்தில் மாறிச் சென்று, ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த வாயிலைக் கண்டுபிடிக்கவேண்டிய நிலையில், அத்தாய்க்கு உதவுவது மெத்தையன்று. முன்கூட்டியே கேட்டுப் பெற்ற சக்கர நாற்காலியும், அதைத் தள்ளும் ஒருவரின் கையும், மூன்று மணி நேர அவகாசமுமே உதவும். சிக்கன வகுப்பிற் செல்வோரும் அவ்வுதவியைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம் என்பது பலர் அறியாதது. ஆசனத்துக்குச் செலவிடும் சிந்தனையிற் பாதியையேனும் இணைப்புக்குச் செலவிடுதல் அன்பின் கடமையாகும்.

இனி, இவ்வரலாறு இலங்கைக்குச் சொல்லும் செய்தி யாது? நீராவிக் கப்பல்கள் நிலக்கரிக்காகக் காலித் துறைமுகத்தில் நின்ற காலம் ஒன்றிருந்தது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885 இல் நிறைவெய்திய அலைதாங்கி கொழும்பைப் பாதுகாப்பான துறைமுகமாக்கியது. காலியின் பெருமை கொழும்புக்கு மாறியது. கிழக்கின் பெருஞ்சந்தி என்று கொழும்பு புகழப்பெற்றது. வான்வழியிலும் முயற்சிகள் நடந்தன. 1947 டிசம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் கம்பனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1949 இல் இலண்டனுக்கும் சிட்னிக்கும் சேவைகள் தொடங்கின. 1979 இல் எயர் லங்கா பிறந்தது. அதன் தொடக்க காலத்தில் சிங்கப்பூரும், 1998 முதல் பத்தாண்டுகள் எமிரேட்ஸும் அதன் நிருவாகத்துக்குக் கைகொடுத்தன. கட்டுநாயக்கவிலிருந்து மாலைதீவுக்கும் தென்னிந்திய நகரங்களுக்கும் மாறிச் செல்வோர் உளர். எனினும் சிங்கப்பூரைப் போன்ற சந்தியாக அது ஆகவில்லை.

2013 மார்ச்சில் தெற்கே மத்தளவில் 3,500 மீற்றர் ஓடுபாதையோடு இரண்டாவது சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பிரயாணிகளை ஏற்கவல்ல மண்டபம் அது. இரண்டாண்டு நிறையுமுன் நாட்டின் சொந்த விமானக் கம்பனியே அங்கிருந்து விலகியது. காண்டரில் மண்டபம் பிந்திக் கட்டப்பட்டது. மத்தளவில் இணைப்புக்கு முந்திக் கட்டப்பட்டது. இரண்டுக்கும் பாடம் ஒன்றே. ஓடுபாதை சந்தியை உண்டாக்குவதில்லை. ஒரு விமானத்திலிருந்து இறங்குபவனுக்கு ஏறுவதற்கு மற்றொரு விமானம் தகுந்த வேளையில் நிற்கவேண்டும். இடையில் அவன் மனிதனாக நடத்தப்படவேண்டும். ஷனன் அதை அறிந்து பிழைத்தது. சிங்கப்பூரும் டுபாயும் அதை அறிந்து வளர்ந்தன. மறுபுறம், 2019 இல் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைக்கு நேர்வழி பிறந்தபோது, சிறியதோர் ஓடுபாதையேயாயினும் வடபகுதி மக்களின் உண்மைத் தேவையொன்றை அது நிறைவேற்றியது.

2022 இல் குவாண்டாஸ் கம்பனி சிட்னியிலிருந்து இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே எங்கும் தங்காது பறப்பதற்கென 12 புதிய விமானங்களுக்குக் கட்டளை கொடுத்தது. இருபது மணி நேரத்தை அண்மிக்கும் அப்பயணத்தில், பிரயாணிகள் எழுந்து நின்று உடலை அசைப்பதற்கென ஓரிடம் ஒதுக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பறக்கும் படகிலே 1938 இல் இருந்த அதே வசதிதான் அது. அம்முயற்சிக்கு இடப்பட்ட பெயர் ‘உதயத் திட்டம்’. கொக்கல ஏரிக்கு வந்த கட்டலீனா விமானங்களின் நினைவாகவே அப்பெயர் சூட்டப்பட்டது.

தங்கல் எதுவும் வேண்டாத பயணம், தன் பெயரை ஒரு தங்கலிடமிருந்தே பெற்றிருக்கின்றது. அந்த ஏரியின் கரையில் 271 முறை ஒவ்வொரு விமானத்துக்காகவும் யாரோ விழித்திருந்தார்கள். நீர்ப்பரப்பைத் துப்புரவாக்கி, படகோட்டி, களைத்து இறங்கியவர்களைக் கைபிடித்துக் கரையேற்றினார்கள். விமானங்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அம்மனிதரின் பெயர்கள் நிற்கவில்லை. ஆனால் நெடுவழி செல்வோர் எவர்க்கும், எந்த வகுப்பிற் சென்றாலும், இறுதியில் வேண்டியிருப்பது அந்தக் கையே.